நம் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு: வியாழக்கிழமை வகுப்பில் மிஞ்சும் பிள்ளைகளுக்காக

செயற்குழு உறுப்பினர்களுக்கு,

பள்ளி நேரத்தில் பிள்ளைகளை வெளியே பைபிள் வகுப்புக்குக் கூட்டிப்போவது பற்றிய விதிமுறையைத் திருத்தும்படி, நம் ஊர்ப் பொதுப்பள்ளிகளை நடத்தும் பள்ளி வாரியத்துக்கு எழுதுங்கள் என்று உங்களிடம் கேட்டோம். போன வாரம் அதற்கு நீங்கள் அனுப்பிய பதில் மூன்றே வரி. இது மதம் தொடர்பான விஷயம், சங்கம் மதமும் அரசியலும் சாராதது, ஆகவே பள்ளி வாரியத்துக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் அனுப்ப இயலாது. அன்று இரவே வாட்ஸாப் குழுவில் அது பற்றி நடந்த பேச்சு முழுவதும் அழிக்கப்பட்டது. பதினேழு குடும்பங்கள் கையெழுத்துப் போட்ட கோரிக்கை அது. அவர்களில் யாரையும் நீங்கள் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மதியம் நம் தொடக்கப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். என் மகள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு மியூசிக் வகுப்பு இருக்கும் நேரத்தில் வாசலில் ஒரு பஸ் வந்து நிற்கும். வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகள் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வரிசையாகப் போய் ஏறுவார்கள். பக்கத்தில் ஒரு சர்ச் கட்டடத்தில் வெளி அமைப்பு ஒன்று நடத்தும் பைபிள் வகுப்புக்குப் போகிறார்கள். கணக்கு, ஆங்கிலம் போன்ற முக்கியப் பாடங்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நம் ஒஹாயோ மாநிலச் சட்டம் சொல்கிறது. அதனால் அடிபடுவது மியூசிக், ஆர்ட், லைப்ரரி எல்லாம். மிச்சம் இருக்கும் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஆசிரியை புதுப் பாட்டு சொல்லிக்கொடுக்க முடியாது, போனவர்களுக்கு அது விட்டுப்போகும். எனவே இந்த எட்டுப் பேருக்கு ஐபேட். வாராவாரம் இதே கதை.

போனவர்கள் மிட்டாயும் ஸ்டிக்கருமாகத் திரும்பி வருவார்கள். புதிதாக ஒரு நண்பரைக் கூட்டி வந்தால் அதற்கும் ஒரு பரிசு உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். "அம்மா, எல்லாருக்கும் அந்த டி-ஷர்ட் இருக்கு, எனக்கு மட்டும் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிற?" என்று என் மகள் என்னிடம் கேட்டது நான்கு முறை. ஐந்தாவது முறை கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தவரைக்கூட எனக்குத் தாங்கியது. கேட்பதை நிறுத்தியதுதான் தாங்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழன் இரவு அவள் தூங்கவே இல்லை. என் அப்பா போன ஆண்டு பாளையங்கோட்டையில் காலமானார். இவள் தாத்தா மேல் உயிராக இருந்தவள். அன்றைக்கு அவளுடைய நெருங்கிய தோழி அவளிடம் சொல்லியிருக்கிறாள்: "இயேசுவை நம்பாதவங்க சொர்க்கத்துக்குப் போக முடியாதாம். உன் தாத்தாவை நீ அங்கே பார்க்க முடியாது. நீயாவது வந்துடு." சொல்லிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். அந்தக் குழந்தை மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்ததை நம்பி, தோழியைக் காப்பாற்ற நினைத்தது அது. ஆனால் என் வீட்டில் விளக்கை அணைக்க விடாமல் அழுத பிள்ளைக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தாத்தா எங்கே இருக்கிறார் என்று விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இதைப் படித்துவிட்டு, நான் கிறிஸ்தவத்துக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாராவது சொல்வீர்கள். முன்பே குழுவில் ஒருவர் அப்படித்தான் எழுதினார். அவருக்குச் சொல்கிறேன். என் அம்மா வழியில் பெண் பிள்ளைக்கு முதன்முதலில் எழுத்து சொல்லிக்கொடுத்தது மிஷன் பள்ளிக்கூடம்தான். நான் பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் பன்னிரண்டு ஆண்டு படித்தவள். வாரத்தில் ஒரு பீரியட், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், எங்களுக்கு நீதிபோதனை. ஒரே மணி அடிக்கும், இரண்டு அறைகளிலும் ஓர் ஆசிரியை நின்று பாடம் நடத்துவார். நாங்கள் மிச்சப்பட்ட கூட்டம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எங்கள் சிஸ்டர் என் அப்பாவின் நரகத்தைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. எல்லாவற்றையும்விட, அது கிறிஸ்தவப் பள்ளி என்று தெரிந்தே என் அப்பா என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அரசு முழுச் செலவில் நடத்தும் பள்ளியில் மத போதனையே கூடாது என்கிறது இந்திய அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அரசு உதவி பெறும் மற்றப் பள்ளிகளில் போதனை இருந்தாலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது. இங்கே நம் பிள்ளைகள் போகும் பள்ளியை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டு முகவரி தேர்ந்தெடுத்தது. நம் சொத்து வரியில் நடக்கிறது.

நம் சங்கத்திலேயே சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று அந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போட்டது உங்களுக்குத் தெரியுமா? அந்த அக்கா என்னிடம் சொன்னது: "என் பிள்ளைக்கு வேதம் சொல்லித்தர வீட்டில் நான் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது. முன்பின் தெரியாதவர் பள்ளி நேரத்தில் கூட்டிப்போய் என்ன உபதேசம் சொல்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?" அவர் பையனும் வியாழக்கிழமை ஐபேட் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே இதை இந்து, கிறிஸ்தவர் சண்டையாகப் பார்த்து ஒதுங்கியது உங்கள் தவறு.

இன்னொரு தமிழ் அப்பா சம்மதப் படிவத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளி அனுப்பும் ஃபோல்டரில், லஞ்ச் மெனுவுக்கும் பீல்டு ட்ரிப் தாளுக்கும் நடுவில் அது வந்தது. மேலே நற்பண்புக் கல்வி என்று பெரிய எழுத்து. பள்ளியே நடத்துகிறது என்று நினைத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை வீட்டில் ஜெபம் செய்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அவர் பிள்ளை ஜெபம் செய்ததில் அவருக்கு வருத்தம் இல்லை, தனக்குத் தெரியாமல் நடந்ததில்தான் வருத்தம். சட்டப்படி பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். எதற்குச் சம்மதம் என்று புரியாமல் போடும் கையெழுத்தை நான் சம்மதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? உங்கள் கூட்டத்தில் ஒருவர், எல்லாமே சட்டப்படிதான் நடக்கிறது, நாம் கேட்க என்ன இருக்கிறது என்றாராம். பெரும்பகுதி சட்டப்படிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார்த்தால், நாம் கேட்க வேண்டியது நிறைய இருப்பது தெரியும்.

நமக்குப் பக்கத்து இந்தியானாவைத் தாண்டினால் இல்லினாய். அங்கே ஷாம்பெய்ன் என்ற ஊரில் 1940களில் மத வகுப்புகள் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே நடந்தன. வாஷ்டி மக்காலம் என்ற அம்மாவின் மகன் மட்டும் சேரவில்லை. மற்றவர்கள் பாடம் கேட்கும்போது அவனைத் தனியே வெளியே உட்கார வைத்தார்கள். கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். அந்த அம்மா வழக்குப் போட்டார். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பள்ளிக் கட்டடத்துக்குள், பள்ளி நேரத்தில் இது கூடாது. நான்கே ஆண்டு கழித்து, 1952இல், நியூயார்க் வழக்கில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று, கட்டடத்துக்கு வெளியே கூட்டிப்போனால் பரவாயில்லை என்றது. இன்றைக்கு நம் வாசலில் பஸ் வந்து நிற்பது அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான். அதில் மாறுபட்ட நீதிபதி ராபர்ட் ஜாக்சன், சர்ச்சுக்குப் போகாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒரு தற்காலிகச் சிறை ஆகிவிடுகிறது என்று எழுதினார். எழுபது ஆண்டு தாண்டிவிட்டது. என் மகளின் மியூசிக் அறைக்கு வந்து பார்த்து எழுதியதைப் போல இருக்கிறது.

முன்பெல்லாம் ஒஹாயோவில் ஒவ்வொரு ஊர்ப் பள்ளி வாரியமும் விரும்பினால் இதற்கு அனுமதி தரலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். 2024இல் கொலம்பஸ் பக்கம் வெஸ்டர்வில் வாரியம் தான் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. பெற்றோர்கள் வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினார்கள். அப்புறம் மாநிலச் சட்டம் மாறிவிட்டது. 2025 ஜனவரியில் ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்ட ஹவுஸ் பில் 8, அந்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இப்போது எல்லா வாரியங்களும் இதற்கு ஒரு விதிமுறை வைத்தே ஆக வேண்டும். ஆகவே இதை நிறுத்துங்கள் என்று வாரியத்திடம் கேட்பதில் பயன் இல்லை, நாங்கள் அப்படிக் கேட்கவும் இல்லை. எங்கள் கோரிக்கையை நீங்கள் முழுதாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த விதிமுறையில் என்ன எழுதுவது என்பது இன்னும் நம் ஊர் வாரியத்தின் கையில் இருக்கிறது. அதைத்தான் கேட்டோம்.

பிள்ளைகள் தாங்களாகக் கூடிச் சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. என் மகன் பத்தாம் வகுப்பு. அவன் ஹைஸ்கூலில் கிறிஸ்தவ மாணவர் கிளப் இருக்கிறது, முஸ்லிம் மாணவர் சங்கம் இருக்கிறது. ரமலான் மாதத்தில் லஞ்ச் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் உட்கார ஓர் அறை கேட்டுப் பெற்றார்கள். நல்ல விஷயம். 1984இல் வந்த சம அணுகல் சட்டம் (ஈக்வல் ஆக்சஸ் ஆக்ட்) கொடுத்த உரிமை அது. வேறு கிளப்புகளுக்கு இடம் கொடுக்கும் ஹைஸ்கூல், மதக் கிளப்புக்கு மட்டும் கதவை மூட முடியாது. 1990இல் நெப்ராஸ்கா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. கிளப்பைத் தொடங்குவதும் நடத்துவதும் மாணவர்களாக இருக்க வேண்டும். வெளியாட்கள் அதை நடத்தவோ, வழக்கமாக வந்து உட்காரவோ கூடாது. ஆசிரியர் மேற்பார்வைக்கு இருக்கலாம், கலந்துகொள்ளக் கூடாது. என் மகன் பள்ளியில் வாராவாரம் இளைஞர்களுக்கான போதகர் ஒருவர் பீட்சா பெட்டிகளோடு வருகிறார். பேசுவது அவர்தான். மாணவத் தலைவர் என்று பெயர் போட்டிருக்கும் பையன் பீட்சா பரிமாறுகிறான். என் மகன் ஓடும் அணியில் இருப்பவர்கள் எல்லோரும் அங்கே போவதால் இவனும் இரண்டு முறை போனான். மூன்றாவது முறை அவனைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் என்ன கும்பிடுகிறீர்கள் என்று அந்தப் போதகர் விசாரித்திருக்கிறார். பதினைந்து வயதுப் பையனிடம் அவன் பள்ளிக் கேன்டீனில் வைத்து இதைக் கேட்க அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். அது மாணவர் கிளப், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். மாணவர் கிளப்பாக இருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

நம் செயற்குழுவிலேயே ஒருவர் வேறு யோசனை சொன்னார். அவர்கள் பஸ் விட்டால் நாமும் பஸ் விடலாம், கோவிலில் வியாழக்கிழமை பாலவிகார் என்ற சமய வகுப்பு வைத்து நம் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று. சட்டப்படி முடியும். சிலருக்கு அது பிடித்தும் இருந்தது. எனக்கு அதைக் கேட்டபோது வயிறு கலங்கியது. எட்டு வயதில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளைகள் எழுந்து, அவரவர் சாமியின் பஸ்ஸில் ஏறிப் போவதா? அப்போதும் யாராவது இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அந்தச் சி.எஸ்.ஐ. அக்காவின் பையன் மிஞ்சுவான். சாமியே கும்பிடாத வீட்டுப் பிள்ளை மிஞ்சும். என் மகளுக்கு நடந்ததை இன்னொரு பிள்ளைக்குச் செய்துவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்?

நம் தமிழ்ப் பள்ளியே சனிக்கிழமை பொதுப்பள்ளிக் கட்டடத்தில் வாடகைக்கு நடக்கிறது என்பதையும் நான் மறக்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு கட்டடத்தை எல்லா அமைப்புக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும் என்ற விதியால் நமக்கும் நன்மை உண்டு. 2001இல் நியூயார்க் மில்ஃபோர்டு பள்ளி வழக்கில், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான குட் நியூஸ் கிளப் என்ற கிறிஸ்தவ கிளப்புக்குப் பள்ளி முடிந்தபின் இடம் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதவு எல்லோருக்கும் பொது. அதே தீர்ப்பின் பேரில்தான் சாத்தானின் பெயரில் இயங்கும் சாத்தானிக் டெம்பிள் அமைப்பும் 2016இல் பள்ளிகளில் தன் கிளப்புகளைத் தொடங்கியது. மணி அடித்து வகுப்பு முடிந்தபின், பெற்றோர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் நேரத்தில், யார் எந்த வகுப்பு நடத்தினாலும் நான் கேள்வி கேட்க மாட்டேன். எல்லாப் பிள்ளைகளும் சட்டப்படி வந்து இருந்தே ஆக வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு, போகாத பிள்ளையைக் காத்திருக்க வைப்பதைத்தான் கேட்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டு காரணங்களுக்கு வருகிறேன். சங்கம் 501(சி)(3) எனப்படும் வரிவிலக்குப் பெற்ற சேவை அமைப்பு, அரசியல் பேசினால் வரிவிலக்கு போய்விடும் என்றீர்கள். அந்தத் தடை தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ வேலை செய்வதற்கு. பள்ளி வாரியத்திடம் ஒரு விதிமுறை பற்றி உறுப்பினர்களின் கருத்தை எடுத்துச் சொல்வதற்கு அல்ல. மூன்று ஆண்டுக்கு முன் தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை கேட்டு இதே வாரியத்துக்கு இதே சங்கம் கடிதம் எழுதியது. அப்போது வரிவிலக்கு போகவில்லை. வாரியத் தலைவரைப் பொங்கல் விழாவுக்கு அழைத்துச் சால்வையும் போட்டோம்.

இரண்டாவது காரணத்தை நீங்கள் எழுதவில்லை. தனியே பேசும்போது சொன்னீர்கள். நம்மில் பாதிப் பேர் ஹெச்-1பி, கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள், இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று. அந்தப் பயம் எனக்குத் தெரியும். பதினோரு ஆண்டு நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். அதனாலேதான் தனித்தனியே யார் பெயரும் முன்னால் வராமல், சங்கம் பேச வேண்டும் என்று வந்து கேட்டோம். தனி ஆளாகப் போய் மைக் முன் நிற்க முடியாதவருக்காகத்தானே சங்கம்? அதைச் சாலமன் பாப்பையா பாணியில் பட்டிமன்றம் நடத்தவும் பொங்கல் வைக்கவும் மட்டும் என்று சுருக்கிவிடாதீர்கள். வாக்கு இல்லாதவரும் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசலாம். மூன்று நிமிடம் தருகிறார்கள். போன மாதம் நான் போய்ப் பேசினேன். அந்த அரங்கில் தமிழ் முகம் என்னுடையது ஒன்றுதான்.

அடுத்த மாதம் வாரியம் இந்த விதிமுறையை மறுபடி எடுக்கிறது. அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியவற்றைக் கேட்கிறேன்.

வரும் செயற்குழுக் கூட்டத்தில் பதினேழு குடும்பங்களின் கோரிக்கையை மறுபடி எடுங்கள். எங்களில் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேச விடுங்கள். அந்த மூவரில் சி.எஸ்.ஐ. குடும்பத்து அக்காவும் ஒருவர். நம் சங்கத்தில் இருக்கும் முஸ்லிம் குடும்பங்களையும் கேளுங்கள். இதுவரை யாரும் அவர்களைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் பிழை.

அதன்பின் சங்கத்தின் பெயரில் வாரியத்துக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். அதில் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். வியாழக்கிழமை வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு உண்மையான பாடம் நடக்க வேண்டும், ஆசிரியர் நடத்த வேண்டும். மிட்டாய், பரிசு, டி-ஷர்ட் எதுவும் வகுப்பறைக்குள் வரக் கூடாது. ஆள் சேர்த்தால் பரிசு என்பதைப் பள்ளி வளாகத்தில் அனுமதிக்கக் கூடாது. சம்மதப் படிவம் பள்ளி ஃபோல்டரில் வரக் கூடாது. நடத்துவது யார், சொல்லித்தருவது எந்த மத போதனை என்று முதல் வரியிலேயே இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். ஹைஸ்கூல் கிளப்புகளில் வெளியாட்கள் வாராவாரம் வருவதை 1984 சட்டத்தில் உள்ளபடி நிறுத்த வேண்டும்.

நம் உறுப்பினர்களுக்கு அந்தச் சம்மதப் படிவம் என்ன என்று தமிழில் அரைப் பக்கம் எழுதிச் சுற்றுக்கு விடுங்கள். போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம் என்றும் அதில் எழுதுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், நீங்கள் திருத்துங்கள்.

வாட்ஸாப் குழுவில் அழித்த பேச்சுக்கு அங்கேயே ஒரு விளக்கம் போடுங்கள். பேசியவர்கள் ஏதோ தப்பு செய்ததைப் போல இப்போது ஒருவரை ஒருவர் பார்த்து ஒதுங்குகிறார்கள்.

அடுத்த மாத வாரியக் கூட்டத்துக்குச் செயற்குழுவில் இருந்து இரண்டு பேர் என்னோடு வாருங்கள். பேச வேண்டாம், மேடைக்கு வர வேண்டாம். முன் வரிசையில் உட்கார்ந்தால் போதும். பேசுவதை நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஒன்பது ஆண்டு உறுப்பினர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நிலை இரண்டு ஆசிரியை